பஸ்காரம்மா ஊருக்குப் போகிறாள்

விமான டிக்கெட் போட்ட அன்றிலிருந்து பஸ்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தாள். அலமாரியைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நிற்பாள். பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகிய வாசனை வந்த பிறகுதான் ஓடி வருவாள்.

"அதான் போகப் போறோமே, இன்னும் எதுக்கு இப்படிப் பறக்கற?" என்பார் அவள் கணவர்.

"நான் எங்க பறக்கறேன்? நடந்துட்டுத்தானே இருக்கேன்," என்பாள். சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அந்த வெளிநாட்டு நகரத்தில் இருந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவள் பஸ்காரம்மாதான். வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்தாள். ஒருநாள் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம் என்று ஜன்னலில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அப்படியே டிப்போ வரைக்கும் போய்விட்டாள். அதுவரைக்கும் சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. விஷயத்தைச் சொன்னபோது கணவர் சிரித்தார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். முதல் நாள் அவள் ஓட்டிய பஸ்ஸில் முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரைக்கும் இறங்காமல் போனார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவர். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாக மாட்டி, "இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா?" என்று நாளெல்லாம் கேட்டுப் பழகியவர். அவசரம் என்பதே அவர் ரத்தத்தில் கிடையாது. சட்டைப் பொத்தானைப் போடக்கூட ஒரு யோசனை தேவைப்படும். இவளோ நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ் கதவை மூடிக் கிளம்பிக்கொண்டே இருந்தவள். இரண்டு பேரும் எப்படி இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே ஓட்டினார்கள் என்று கேட்டால், ஷிப்ட்டு மாறி மாறி வந்ததால்தான் என்று அவளே சொல்வாள்.

ஊருக்குப் போவது என்பது நேற்று இன்று முடிவானதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "பாப்பா படிச்சு முடிச்சு, சொந்தக் கால்ல நின்னதும் நாம ஊருக்குப் போயிடணும்." அவளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "போயிடலாம்," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த வார்த்தையை அவள் சொன்ன கையோடு மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. ஊரில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார், கிணற்றைத் தூர் வாரினார், எல்லாம் போனிலேயே. அவருடைய அக்கா அங்கே இருந்து மேற்பார்வை பார்த்தார். மகள் மிருக டாக்டருக்குப் படித்து முடித்து, தொலைவில் இருந்த இன்னொரு நகரத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். அவள் முதல் சம்பளம் வாங்கிய வாரம், "அப்போ டிக்கெட் பாக்கவா?" என்றார் கணவர். சாயங்காலம் காய்கறி வாங்கப் போகலாமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

மகளுக்குப் போனில் சொன்னவள் இவள்தான். அந்தப் பக்கம் நாய் குரைக்கும் சத்தம், யாரோ தட்டை நகர்த்தும் சத்தம்.

"ஓ," என்றாள் மகள். "சரிம்மா. நல்லது."

"நல்லதா?"

"அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை இல்ல? நல்லதுதான். அம்மா, உள்ள கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசினாள், ஆனால் வேறு என்னென்னவோ பேசினாள். மழை, பூனை, பக்கத்து அறைக்காரி சமைக்கும் நாற்றம். ஊர்ப் பேச்சு எடுத்தாலே "ம்" போட்டாள். பஸ்காரம்மாவின் கால் தரையில் நிற்காமல் போனது அந்த "நல்லது"க்கு அப்புறம்தான். இது அவளுக்கே தெரியாது. பெட்டி கட்டுகிற வேலையால் வருகிற படபடப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிப்போவில் கடைசி நாளன்று அவளுக்கு விடை கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓய்வறையில் மேஜையெல்லாம் ஓரம் தள்ளி, பெரிய கேக் ஒன்றை நடுவில் வைத்து, பஸ் படம் போட்ட காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். மேலாளர் சளி பிடித்த குரலில் பேச ஆரம்பித்தார். நிதானமானவர், பொறுமையானவர் என்று அவளைப் பற்றிச் சொன்னபோது பின்னால் நின்ற ஓட்டுநர்கள் இருமினார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போதே வாயிலில் ஒரு மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வழித்தடத்துக்கு ஆள் வரவில்லை, பயணிகள் காத்துக்கிடக்கிறார்கள் என்றார்.

"நான் எடுக்கறேன்," என்றாள் பஸ்காரம்மா.

"இன்னைக்கு உங்க விழா," என்றார் மேலாளர்.

"கேக் எங்கயும் ஓடிடாது. அங்க ஜனங்க மழையில நிக்கறாங்க."

சாவியை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள். அவள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தபோது கேக் தீர்ந்திருந்தது. கூட்டமும் கலைந்திருந்தது. ஒரு தட்டில் அவளுக்கென்று ஒரு துண்டை மூடி வைத்திருந்தார்கள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தொப்பியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனாள். யார் கையையும் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படித் தப்பித்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் அந்த நிம்மதி பொய் என்று தெரிந்தது. அடையாள அட்டையைக் கழற்றப் பழக்கத்தில் கழுத்துக்குப் போன கை வெறுமனே திரும்பியது.

வீட்டைக் காலி செய்தார்கள். விமானம் மகள் இருந்த நகரத்திலிருந்துதான். போகிற வழியெல்லாம் தெரிந்தவர்கள் வீட்டில் இறங்கி, சொல்லிவிட்டு, சாவகாசமாகப் போய்ச் சேருவது என்று கணவர் ஏற்பாடு செய்திருந்தார். காரை மகளிடம் விட்டுவிட வேண்டியது. பெட்டிகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு ஒரு காலை நேரத்தில் கிளம்பினார்கள். கணவர்தான் ஓட்டினார். "நீ காலமெல்லாம் ஓட்டினவ. இப்பவாச்சும் உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வா," என்றார்.

அவளால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. அவர் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தார். முன்னால் போகிற லாரியை முந்தலாமா வேண்டாமா என்று ஆலோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் லாரியே வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து இவளுடைய வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

முதல் வீடு ஒரு நண்பருடையது. அச்சகம் நடத்துகிறவர். கணவரும் அவரும் கல்யாணத்துக்கு முன்பு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். வீடு நிறையத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்திருந்தார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"அங்க போய் ஆறு மாசம் தாங்க மாட்டீங்க," என்றார் ஒருவர். "தூசியும் சத்தமும் ஒத்துக்காது."

"அதெல்லாம் பழகிடும். சொந்தக்காரங்கதான் ஒத்துக்காது," என்றார் இன்னொருவர்.

"நீங்க போயிட்டா பொண்ணை யார் பாத்துக்குவா?" என்றாள் அச்சகக்காரர் மனைவி. "தனியா விட்டுட்டுப் போக எப்படிம்மா மனசு வருது உங்களுக்கு?"

கேட்டவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கண் கலங்கித்தான் கேட்டாள். ஆனால் பஸ்காரம்மா சட்டென்று எழுந்து, எல்லார் தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சாப்பிட்டு முடிக்காதவர் தட்டையும் சேர்த்து எடுத்துவிட்டாள். அவர் பாவம், கையில் பாதிச் சோற்றை வைத்துக்கொண்டு விழித்தார். அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் காபி வரலையே," என்றார் கணவர்.

"வழியில குடிச்சுக்கலாம்."

அச்சகக்காரர் பழைய போட்டோக்களை எடுத்து வைத்திருந்தார். அதை மேஜை மேலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, கணவரை ஒரு தடவை கட்டிப்பிடித்தார். கணவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறினார்.

அன்று ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பி, ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். அங்கிருந்து சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நேரே மகள் இருந்த நகரத்துக்கு. இன்னொன்று கடற்கரைக்கு. அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் பூமி வளைவதே தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கணவர் வருஷா வருஷம் போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடம். மகளுக்குப் பரீட்சை, இவளுக்கு ஷிப்ட்டு, அவருக்கு ஜலதோஷம் என்று தள்ளிக்கொண்டே போனது. இந்தப் பயணத்தில் அங்கே ஒருநாள் தங்குவதாகத் திட்டம்.

"ஏங்க, நேரா பாப்பாகிட்ட போயிடலாமா?" என்றாள்.

"நாளைக்குத்தானே வர்றோம்னு சொல்லியிருக்கோம். இன்னைக்கு அவளுக்கு வேலை இருக்கும்."

"இருந்தா என்ன? போய் உக்காந்திருப்போம்."

"நீ?" என்றார். "நீ உக்காந்திருப்பியா?"

அவர் பெட்ரோல் குழாயை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் குரல் ஏறாது, இறங்கும்.

"நேத்து அவன் வீட்டுல நான் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கணும்னு நினைச்சேன். இனிமே அவனை எப்பப் பாப்பேனோ. உன்னால எழுந்து வந்தேன். பரவால்ல. ஆனா இந்தக் கடலை நான் பாத்துட்டுத்தான் வருவேன்."

"சரி. நீங்க பாருங்க. நான் பஸ்ல போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிரே இருந்த நிறுத்தத்தில் போய் நின்றாள். அவர் காரில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து வந்து, தண்ணீர் பாட்டிலையும் அவளுடைய மேல்கோட்டையும் கொடுத்தார்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு."

"நீங்களும் அதிகக் காத்துல நிக்காதீங்க. காது அடைச்சுக்கும்."

சண்டை அவ்வளவோடு முடிந்தது. நெடுந்தூரப் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவர் இன்னும் அங்கேயே நின்று, டிரைவர் எந்த மாதிரி ஆள் என்பது போல முன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிருக ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் மருந்து நெடியும் ஈர ரோம நெடியும் கலந்து அடித்தது. வரிசையாக நாற்காலிகள். ஒரு பெண் மடியில் முயலை வைத்துக்கொண்டு அதன் காதை நீவிக்கொண்டிருந்தாள். ஒரு கூண்டுக்குள்ளிருந்து பூனை ஒன்று உலகத்தையே சபிப்பது போல உறுமிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"என்ன பிராணி கொண்டு வந்திருக்கீங்க?"

"நான் கொண்டு வரலம்மா. என்னோடது உள்ள வேலை பாக்குது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். முகச்சாடை பார்த்தவுடனே புரிந்துவிட்டது. "டாக்டர் ஒரு கேஸ்ல இருக்காங்க. கொஞ்சம் நேரமாகும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த உண்ணிப் பூச்சிப் படங்களையெல்லாம் படித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். முயல்காரி அவளைப் பார்த்து, "ரொம்ப சீரியஸா?" என்று அனுதாபமாகக் கேட்டாள். இவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு நடைபாதை ஓரம் போய் நின்றாள். அங்கே ஓர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலையை வைத்து ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. வாயெல்லாம் நரைத்த நாய். மூச்சு வாங்கும்போது விலா எலும்பு ஏறி இறங்கியது. எதிரே பச்சை அங்கியில் மகள், அவளும் தரையில். காலை மடக்கி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கூட இருக்கீங்களா? இல்ல வெளிய இருக்கணும்னாலும் இருக்கலாம்," என்று மகள் கேட்டாள்.

கிழவர் நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் எங்கேயும் போகப் போவதில்லை என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆனாலும் மகள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இருக்கேன்," என்றார் அவர்.

"சரி. அவசரமே இல்ல. நீங்க சொல்லும்போதுதான்."

அவர் எதுவும் சொல்லவில்லை. மகளும் எதுவும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. தூங்க வைக்கும் மருந்து ஏற்றிய ஊசி பக்கத்துத் தட்டில் ஒரு துணிக்குக் கீழே இருந்தது. இந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது ஒரு வாய்ச் சோறு ஊட்ட வீடு முழுக்கத் துரத்த வேண்டியிருக்கும். இவளுக்கு இப்படி உட்காரத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று. அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. சத்தமில்லாமல் திரும்பி நாற்காலிக்கு வந்து, கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் மகள் வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கிழவர் வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே வந்த மகள் அம்மாவைப் பார்த்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"நாளைக்குத்தானே? அப்பா எங்க?"

"அப்பா கடலைப் பாக்கப் போயிருக்கார்."

"தனியாவா? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. அவருக்குக் கடல், எனக்கு நீ. அவ்வளவுதான்."

மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். "இன்னும் ஒரு பூனை பாக்கணும். முடிச்சுட்டு வர்றேன். உன்னால உக்காந்திருக்க முடியுமா?"

எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மகளுடைய அறை ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. ஒரு கட்டில், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மூலையில் ஒற்றை அடுப்பு. நாற்காலி முதுகில் துவைத்த துணி மலை போலக் கிடந்தது. வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பஸ்காரம்மா துணியை மடிக்க ஆரம்பித்தாள். மடித்துவிட்டு அடுப்பைத் தேய்த்தாள். ஜன்னல் திரையைக் கழற்றப் போனாள்.

"அம்மா, உக்காரு."

"இதுல எவ்வளவு தூசி பாரு."

"இருக்கட்டும். உக்காரு."

"இதோ, இதை மட்டும் அலசிப் போட்டுட்டு..."

"அம்மா." மகள் எழுந்து வந்து திரைத்துணியை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். "நீ போன பிறகு இந்தத் தூசியோடதான் நான் இருக்கப் போறேன். ஒருநாள் துடைச்சுட்டுப் போனா ஆச்சா?"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. பஸ்காரம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உனக்குக் கோவம்," என்றாள்.

"இல்ல."

"எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நல்லதுன்னு சொன்னியே, அப்பவே தெரியும். கோவம் இருந்தா திட்டு. திட்டாம நல்லது நல்லதுன்னா நான் என்னத்தைப் புரிஞ்சுக்கறது?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே பேக்கரிக்காரர் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க வீட்டைக் காலி பண்ணப்போ போன் பண்ணினேன். என் மேஜையைக் குடுத்துட்டியான்னு கேட்டேன். ஆமான்னு சொன்ன. நான் படிச்ச மேஜைம்மா. எனக்கு வேணுமான்னு கேக்கல. சரி, அது போகட்டும். நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறதா முடிவு பண்ணீங்க, டிக்கெட் போட்டீங்க, எனக்குத் தகவல் சொன்னீங்க. நீயும் வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்ன அந்த வீட்டுல வாடகைக்கு இருந்தவளா?"

பஸ்காரம்மா உட்கார்ந்தபடியே கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "நீ வரமாட்டியே," என்றாள்.

"வரமாட்டேன்தான்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

பஸ்காரம்மாவுக்கு எழுந்து எதையாவது துடைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணு சொல்றேன்," என்று மெல்ல ஆரம்பித்தாள். "நான் இங்க கிளம்பி வந்தப்போ எங்கம்மா கேட்டாங்க, போகத்தான் வேணுமாடின்னு. வந்த பிறகும் போன் பண்ணும்போதெல்லாம் அதையே கேட்டாங்க. எப்ப வருவ, எப்ப வந்துடுவன்னு. பாவம், அவங்களுக்கு வேற பேச்சே தெரியல. போன் அடிச்சாலே நான் வேற ரூமுக்குப் போயிடுவேன். சில நாள் எடுக்க மாட்டேன். ஒருநாள் எடுக்காம விட்டேன், மறுநாள் வேற ஆள் போன் பண்ணிச் செய்தி சொன்னாங்க. அப்பவே நினைச்சேன், என் பொண்ணு எங்க இருந்தாலும், வா வான்னு நான் கேக்கவே கூடாதுன்னு."

மகள் திரும்பிப் பார்த்தாள். பாட்டி இறந்த கதை அவளுக்குத் தெரியும். இந்தப் பகுதி தெரியாது.

"இதை எனக்கு நீ சொன்னதே இல்ல."

"சொல்ல நேரம் எங்க இருந்துச்சு?"

"நேரம் இருந்துச்சும்மா. நீ நின்னாத்தானே."

அதைக் கேட்டு பஸ்காரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. இப்பக் கேக்கறேன். எங்களோட ஊருக்கு வர்றியா?"

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்ப்பது போல இருந்தது.

"வரலம்மா," என்றாள்.

"ம்."

"என் வேலை இங்க இருக்கு. எனக்குக் கனவு வந்தாக்கூட இந்த ஊர்த் தெருதான் வருது."

"தெரியும்."

தெரிந்ததுதான். ஆனாலும் அந்த "வரல" நெஞ்சுக்குள்ளே போய் இறங்கி உட்கார இடம் தேடியது. அது வலிக்கத்தான் செய்தது. இத்தனை நாள் மனசில் இருந்த அரிப்பைவிட இந்த வலி பரவாயில்லை என்று தோன்றியது.

"நீ?" என்றாள் மகள். "உனக்குப் போகணும்னு இருக்கா?"

யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. ரொம்ப நேரம் யோசித்தாள்.

"தெரியல. உங்கப்பாவுக்குக் கண்ணை மூடினா அந்த வீடு தெரியுதாம். கிணறு, கொல்லை, எல்லாம். எனக்குக் கண்ணை மூடினா ரோடுதான் தெரியுது."

"எந்த ஊர் ரோடு?"

"அதுதான் தெரியல. ஏதோ ஒரு ரோடு. போயிட்டே இருக்கு."

மறுநாள் காலை கணவர் வந்து சேர்ந்தார். முகம் வெயில் பட்டுக் கருத்து, சட்டைக் காலரெல்லாம் மணல்.

"கலங்கரை விளக்கம் எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள் மகள்.

"பூட்டியிருந்துச்சு. வர்ணம் அடிக்கறாங்களாம்."

"ஐயோ பாவம்."

"அதனால என்ன? வெளிய ஒரு பெஞ்சு இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அலை வந்துச்சு, போச்சு. நல்லா இருந்துச்சு." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். "நீ வந்திருந்தா பத்து நிமிஷத்துல கிளம்பியிருப்போம்."

மூன்று பேரும் கீழே பேக்கரிக்கு வெளியே போட்டிருந்த மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மகள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஊருக்குப் போலாமான்னு அம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே."

"எப்போ?"

அவர் யோசித்தார். "நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்காரம்மா சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"போலாமா?" என்றார். "பிடிக்கலன்னா இப்பச் சொல்லு. பெட்டியெல்லாம் கார்லதான் இருக்கு. பாப்பா பக்கத்துலயே ஒரு வீடு பாப்போம். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் அதை வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்கிற மனிதர். சுண்ணாம்பு அடித்த வீட்டையும், தூர் வாரிய கிணற்றையும் அப்படியே விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுவார். பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்த அந்த முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். அவருக்காகத் தலையாட்டுவதா, மகளுக்காக மறுப்பதா என்று ஒரு கணம் இரண்டு பக்கமும் இழுத்தது. இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தபோது, புதிதாக ஓர் ஊருக்குப் போகிற ஆசை ஒன்று அடியில் கிடப்பது தெரிந்தது. சொந்த ஊர்தான். ஆனால் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த பிறகு அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

"போலாம்," என்றாள். "ஆனா அங்க வந்து நான் சும்மா உக்கார மாட்டேன். ஏதாவது வண்டி ஓட்டுவேன். வேனோ, லாரியோ. உங்கக்கா என்ன சொன்னாலும் சரி."

"அக்காவை நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்டதெல்லாம் போதும். அவங்களை நானே பாத்துக்கறேன்."

"அப்போ வருஷத்துல ஒரு தடவை நான் அங்க வருவேன்," என்றாள் மகள். "ஒரு தடவை நீ இங்க வரணும். மாத்தக் கூடாது."

"வர்றேன். அதுக்குள்ள அந்தத் திரையை அலசிடு."

விமான நிலையத்துக்கு மகள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்குள் நிலைய வாசல் வந்துவிட்டது. மஞ்சள் அங்கி போட்ட காவலர் வந்து, இங்கே நிறுத்தி வைக்கக் கூடாது, ஆளை இறக்கிவிட்டு நகருங்கள் என்று கையை ஆட்டினார். அவசர அவசரமாகப் பெட்டிகளை இறக்கினார்கள். ஒரு பெட்டியின் சக்கரம் கதவில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கிற இழுப்பில் மகளின் கை அம்மாவின் கன்னத்தில் இடித்தது. கட்டிப்பிடித்தபோது பின்னால் இருந்த டாக்சி ஹாரன் அடித்தது. எப்படியெல்லாம் விடைபெற வேண்டும் என்று பஸ்காரம்மா இரவெல்லாம் நினைத்து வைத்திருந்தாளோ, அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

"போ, போ, அவர் கத்தறார்," என்றாள்.

"போறேன். சாப்பிடும்மா. அப்பா, அம்மாவை உக்கார வைங்க."

கார் கிளம்பியது. வாசலில் நின்று பார்த்தாள். மகள் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைந்து, வளைவில் விளக்குப் போடாமலே திரும்பி, மேம்பாலத்தில் ஏறி மறைந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் பஸ்காரம்மா. "இண்டிகேட்டர் போடாம திரும்பறா."

"விடு."

"என்னத்தை விடறது?" போனை எடுத்து அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மகள் எடுத்தாள்.

"என்னம்மா? எதையாவது விட்டுட்டியா?"

"திரும்பும்போது ஏன் இண்டிகேட்டர் போடல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"வண்டி ஓட்டறவங்களுக்கு யாராவது போன் பண்ணுவாங்களாம்மா? நீயெல்லாம் ஒரு டிரைவரா?"

"ஐயையோ," என்றாள் பஸ்காரம்மா. "வை, வை, போனை வை."

வைத்துவிட்டாள். கணவர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு, தயாரா என்பது போலப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வண்டியின் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே போனார்கள்.